அறுபது வயதுக்காரர் ஆப் பழகிவிட்டார், நாற்பத்தாறுதான் மாட்டேன் என்கிறது

கீழமாசிக்காரி:

வணக்கம். எங்களுக்கு மதுரை கீழமாசி வீதிப் பக்கம் பருப்பு, எண்ணெய் மொத்தக் கடை. தாத்தா போட்டது. அப்பாவுக்கு முட்டி தேய்ந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதால் ஆபீஸை நான் பார்க்கிறேன். போன தை மாதம் ஆர்டர், சரக்கு இருப்பு, பாக்கி எல்லாவற்றையும் போனிலேயே பார்க்கிற மாதிரி ஒரு ஆப் எடுத்தோம். பெயர் வேண்டாம், சொன்னால் கமிஷன் வாங்குகிறாயா என்பீர்கள். லைனுக்குப் போகிற பையன் மேலூரில் ஒரு கடை வாசலில் நின்று ஆர்டர் போட்டால் இங்கே கிட்டங்கியில் உடனே தெரிய வேண்டும்; அந்தக் கடையின் பழைய பாக்கி எவ்வளவு என்று அவனுக்கும் அங்கேயே தெரிய வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வாங்கும்போதே வீட்டு ஆட்களில் இருந்து தரகர் வரைக்கும் ஒரே பாட்டு: கணக்கய்யா இருக்கிறவரை இது நடக்காது. ஐயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தாத்தாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர். சிட்டை, பேரேடு, காதில் பேனா. என்னைப் பாவாடை சட்டையில் பார்த்தவர் என்பதால் இன்றைக்கும் நான் "பாப்பா"தான்.

நடந்ததே வேறு. ஐயா பழகிவிட்டார். சும்மா ஒன்றும் வரவில்லை. எழுத்து தெரியவில்லை என்றாரென்று ஒரு பையன் போனில் எழுத்து அளவைக் கடைசி வரை கூட்டிக் கொடுத்துவிட்டான். எழுத்து பெரிதானதும் கீழே இருந்த 'சேமி' பொத்தான் திரையை விட்டே வெளியே போய்விட்டது. ஐயா ஒவ்வொரு வசூலாகப் போட்டு, பின்னுக்கு வந்து, அடுத்ததைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்றுமே ஏறவில்லை. சாயங்காலம் பார்த்தால் ஆப்பில் வசூல் பூஜ்யம், சிட்டையில் பக்கம் நிறைய. நானாக இருந்தால் போனைத் தூக்கி மூலையில் போட்டிருப்பேன். ஐயா சிட்டையை நீட்டி, "என் கணக்கு இங்க இருக்கு பாப்பா, ஒங்க போன் கணக்கு எங்க போச்சுன்னு அதுகிட்டயே கேளு" என்றார். எழுத்தை ஒரு படி குறைத்தோம், பொத்தான் வந்துவிட்டது. இப்போது எதை அமுக்கிய பிறகு எதை அமுக்குவது என்று தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் கைப்பட எழுதி, கல்லாப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். சிட்டையையும் விடவில்லை. கடை அடைக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து டிக் அடிக்கிறார். எனக்கு அதில் ஆட்சேபணை கிடையாது.

ஆப்பில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பேக் செய்து லேபிள் ஒட்டி வரும் பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் எடை போனால் கிடையாது என்று வந்ததே, அதோடு 26 கிலோ, 30 கிலோ மூடைகள் கிளம்பின. ஆப்பில் 'துவரம் பருப்பு மூடை' என்று ஒரே பெயர்தான் போட்டிருந்தார்கள். "மூடைன்னா எந்த மூடை?" என்று கேட்டார் ஐயா. ஆப் கம்பெனியில் இருந்து வந்த பையனுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை.

தலைவலி, டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் அடிக்கும் எங்கள் டேலி அண்ணனிடம். வயது நாற்பத்தாறு. டேலியில் அவரை அடிக்க எங்கள் வீதியிலேயே ஆள் குறைவு. மவுஸ் தூசி பிடித்துக் கிடக்கும். எஃப்8 விற்பனை, எஃப்6 வரவு, எஃப்9 கொள்முதல் என்று விரல் பறக்கும், கண் பில்லில் இருக்கும். 2020 கடைசியில் டேலி பிரைம் என்ற புதுப் பதிப்பு வந்து, கிரெடிட் நோட்டுக்கு கன்ட்ரோல் எஃப்8 போய் ஆல்ட் எஃப்6 ஆனதற்கே ரொம்ப நாள் புலம்பினவர். இப்போது ஆப்பில் விழும் பில்லை அப்படியே டேலிக்கு ஏற்றலாம் என்றால் ஏற்றுவதில்லை. ஒவ்வொன்றையும் பிரின்ட் எடுத்து, முதலில் இருந்து திரும்ப அடிக்கிறார். கேட்டால் "டேட்டா சுத்தமில்லை மேடம்". சண்டை இல்லை, சத்தம் இல்லை. வேலை மட்டும் இரட்டிப்பாகிறது, பேப்பர் கட்டுக்கட்டாகப் போகிறது.

லைன் பையன்கள் இரண்டு பேருக்கும் இருபத்தைந்துக்குள். ஆப்பைத் திறந்த மாத்திரத்தில் பழகிவிட்டார்கள். ஆனால் அது அவர்களுக்கு விரல் விளையாட்டு. நத்தம் பக்கம் ஒரு முருகன் ஸ்டோர், மேலூரில் ஒரு முருகன் ஸ்டோர். ஒருவர் கொடுத்த பணத்தை இன்னொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டு, "அதான் மொத்தம் சரியா இருக்கேக்கா" என்கிறான்.

டேலி அண்ணனை அனுப்பிவிடு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வீதியே திகைத்து நின்றபோது ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கடையைக் கரையேற்றியவர். பெரியவரே பழகிய ஒன்றை இவர் ஏன் தொட மாட்டேன் என்கிறார், எப்படி வழிக்குக் கொண்டுவருவது? உங்கள் ஆபீஸில் இதைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.


பழைய தட்டச்சர்:

அம்மா, அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். தட்டச்சுத் தேர்வில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ். ஊர் திருமங்கலம்.

மெஷினை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோது எங்கள் செட்டில் யாருமே பெரிதாகக் கஷ்டப்படவில்லை. ஏனென்றால் அப்போது வந்த தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு மெஷின் அமைப்பிலேயே அடிக்க முடிந்தது. விரல் பழைய இடத்துக்கே போகும். கஷ்டம் வந்தது, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வந்த பிறகு. 2010இல் அரசு அதைத் தரமாக அறிவித்தது. அலுவலகம் அலுவலகமாக மெல்ல மாறிக்கொண்டு வந்தது. எங்கள் கம்ப்யூட்டர்களில் விசைப்பலகையைத் தமிழ்99 என்ற வேறு எழுத்து அமைப்புக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து ஸீட்டுக்கு வந்த பெண் ஆங்கில எழுத்தில் 'அம்மா' அடிக்கிறாள், தமிழில் வந்து விழுகிறது. ஹையர் பாஸ் பண்ணின நான் 'ட' எங்கே என்று குனிந்து தேடிக்கொண்டிருக்கிறேன். சாருக்கு வயசாகிவிட்டது என்று காதுபடப் பேசினார்கள்.

அதே யூனிகோடை மெஷின் அமைப்பிலும் அடிக்கலாம், என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் அடிக்கும் மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்ன இடம் இருக்கிறது என்று ஒரு நண்பர் காட்டிக் கொடுத்தார். மாற்றிய அன்றைக்கே பழைய வேகம் வந்துவிட்டது. வயசு எங்கே போயிற்று?

ஆகவே நான் கேட்பது இதுதான். உங்கள் டேலிக்காரர் விசைப்பலகை மனிதர். அவர் கையில் தொடுதிரையைக் கொடுத்து, வேகம் இல்லை என்றால் எப்படி? அந்த ஆப்பைக் கம்ப்யூட்டரில் திறக்க முடியுமா, அதில் இருந்து எக்செல்லாக எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். டேலி பிரைமில் எக்செல் கோப்பை நேரே ஏற்றலாம் என்று என் மருமகன் சொல்கிறார். அவர் போனைத் தொடாமலேயே உங்கள் காரியம் நடக்கலாம்.


வகுப்பறைவாசி:

மதுரையில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் பாடம் எடுக்கிறேன். வயதுக்கும் புதுத் தொழில்நுட்பத்துக்கும் உள்ள உறவைப் பற்றி மோரிஸ், வெங்கடேஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000இல் எழுதிய கட்டுரை ஒன்றை வகுப்பில் சொல்வதுண்டு. வேலை பார்க்கும் இடத்தில் புது மென்பொருளைக் கொடுத்துவிட்டுப் பல மாதம் கூடவே கவனித்தார்கள். இளையவர்கள் 'இது எனக்குப் பிடித்திருக்கிறதா, உதவுமா' என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். மூத்தவர்களுக்கு ஆரம்பத்தில் பெரிதாகத் தெரிவது வேறு: கூட இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், இதை என்னால் கையாள முடியுமா என்பது. உங்கள் கணக்கய்யா விஷயத்தில் இது பொருந்துகிறது. நீங்கள் அவரை மதித்துக் கொடுத்தீர்கள், காலண்டர் தாளை வைத்து 'முடியுமா' என்பதை அவரே தீர்த்துக்கொண்டார்.

நடுவயதுக்காரரை இந்தச் சட்டத்துக்குள் அடைக்க எனக்குத் தெரியவில்லை. 2001இல் மார்க் பிரென்ஸ்கி என்பவர் டிஜிட்டல் உலகில் பிறந்தவர்கள், பிறகு குடியேறியவர்கள் என்று இரண்டாகப் பிரித்தார். அந்தப் பிரிவினையே அப்புறம் நிறைய அடி வாங்கியது. நேரடியாக அவரிடமே பேசிப் பாருங்கள் என்பதைத் தவிர வேறு சொல்லத் தோன்றவில்லை.


சிம்மக்கல் டேலி:

வாத்தியார் சட்டத்துக்குள் அடைக்க முடியாத ஆள் நான்தான். வயது நாற்பத்தேழு. எண்ணெய்க் கடை, ஜவுளிக் கடை, இரும்புக் கடை என்று இந்தச் சுற்று வட்டாரத்திலேயே டேலி அடித்துப் பிழைக்கிறவன். மேடம், கோபப்படாமல் வாசியுங்கள்.

ஆப் கம்பெனி ஆள் உங்கள் கடைக்கு வந்தபோது என்ன நடந்தது என்று நான் இங்கிருந்தே சொல்கிறேன். லைன் பையன்களை உட்கார வைத்துக் காட்டியிருப்பான். ஐயா பெரியவர் என்று அவருக்குத் தனியாக, மெதுவாக, இரண்டு தடவை காட்டியிருப்பான். டேலிக்காரரிடம் வந்து, "சார், உங்களுக்குச் சொல்லவா வேணும்!" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். எங்கள் கடையில் அப்படித்தான் நடந்தது. பாராட்டு மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு 'எனக்கு இது புரியவில்லை' என்று எந்த வாயால் கேட்பது? இருபது வருஷமாகக் கடையில் கம்ப்யூட்டரில் எது என்றாலும் "அண்ணனைக் கூப்பிடு" என்றுதான் சத்தம் வரும். அந்த அண்ணன் போய் இருபத்து மூன்று வயசுப் பையனிடம் சிங்க் என்றால் எதை அமுக்க வேண்டும் என்று கேட்பானா? மாட்டான். பிரின்ட் எடுத்துத் திரும்ப அடிப்பான்.

கணக்கய்யாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவருக்குத் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் கேட்டால் கௌரவம் குறையாது. "இந்த வயசிலும் கத்துக்கிறார் பாருங்க" என்பார்கள். அதோடு, எந்தக் கடைக்காரன் ஆடியில் இழுத்துத் தீபாவளிக்கு மொத்தமாகத் தருவான், எவன் செக் கொடுத்துவிட்டு போனை எடுக்க மாட்டான் என்பதெல்லாம் அவர் மண்டையில் இருக்கிறது. ஆப் அதை எடுத்துக்கொள்ள முடியாது. என்னை வைத்திருப்பது எதற்கு? அடிப்பதற்கு. அதைத்தான் ஆப் நானே செய்கிறேன் என்று வந்து நிற்கிறது. பில்லை அப்படியே ஏற்றிவிட்டால் மத்தியானத்துக்கு மேல் அவருக்கு என்ன வேலை என்று நீங்கள் அவரிடம் எப்போதாவது சொன்னீர்களா?

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் டேலி 5.4 படித்தேன். அம்மா கம்மலை வைத்துத்தான் ஃபீஸ் கட்டினது. படித்து முடித்ததும் ஒரு கடையில் பேரேடு எழுதிய பெரியவர் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அவர் எனக்கு ஒரு பார்ட்டி பெயரைக்கூடச் சொல்லித் தரவில்லை. அப்போது அவர் மேல் ஆத்திரமாக இருந்தது. சரி, அதை விடுங்கள்.

'டேட்டா சுத்தமில்லை' என்று அவர் சொல்வதை நீங்கள் சாக்கு என்று நினைக்கிறீர்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், முருகன் ஸ்டோர் பணம் இன்னொரு முருகன் ஸ்டோரில் விழுந்தது என்று. அதை யார் கண்டுபிடித்தது? பெயர் போடவில்லை, ஆனால் திரும்ப அடிக்கிறவர்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்1 என்ற விற்பனைக் கணக்கைப் போட வேண்டும், 20க்குள் 3பி என்ற வரிக் கணக்கு. தப்பு இருந்து நோட்டீஸ் வந்தால் லைன் பையன் மேசைக்கா வரும்? ஆடிட்டர் ஆபீஸில் போய்க் கைகட்டி நிற்கிறவர் அவர்.

இன்னொன்று. பழைய டேலியில் ஒரு வவுச்சரை, அதாவது ஏற்றி வைத்த ஒரு பதிவைத் திருத்தினால் வெளியே தெரியாது. முதலாளி சொல்வார், "அந்த மூடைக்கு ரேட்டைக் குறைச்சுப் போட்ரு" என்று, போடுவோம். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் கட்டாயம். உங்களுடையது சொந்தக் கடை என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் இந்த மாதிரி ஆப்களில் பெரும்பாலும் அது தானாகவே இருக்கிறது. சொன்னது முதலாளி, திருத்தியது என்று நிற்பது என் பெயர். நாளைக்கு யார் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். பயப்படாமல் என்ன செய்வான்?

வேலை ஒன்றும் பெரிசில்லை. அவரைத் தனியாகக் கூப்பிடுங்கள், கடை அடைத்த பிறகு. ஆப் கம்பெனி ஆளைத் திரும்ப வரச் சொல்லி அவருக்கு மட்டும் காட்டச் சொல்லுங்கள். பையன்கள் போடுகிற எதுவும் அவர் ஓகே கொடுத்தால்தான் டேலிக்குப் போகும் என்று வையுங்கள். ரேட் திருத்தம் என்றால் உங்கள் லாகினில் இருந்து நீங்கள் செய்யுங்கள். அடிக்கிற வேலை போய்ப் பார்க்கிற வேலை வரட்டும். அதற்குச் சம்பளம் கொஞ்சம் கூட்டுங்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.


லைன்ல இருக்கேன்:

நான் வேற கடை, ஆனா அதே லைன். மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம். வயது 24.

எங்களைப் பற்றி 'விரல் விளையாட்டு' என்று எழுதினது கொஞ்சம் உறுத்தியது அக்கா. எங்களுக்கு யாரும் பற்று வரவு சொல்லித் தரவில்லை. போனைக் கொடுத்தார்கள், அமுக்கத் தெரிந்தது, அமுக்கினோம். ஆப்பில் இருபது மூடை இருப்பு காட்டும், கடைக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வருவோம், கிட்டங்கியில் பார்த்தால் பாதி கூட இருக்காது. லாரியில் ஏற்றிய பிறகுதான் பில் போடுகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் திட்டு வாங்குவது நான். அதுபோக, இளவட்டம் என்றாலே எல்லாம் தெரியும் என்று பிரின்டர் சிக்கினால் நான், முதலாளி வீட்டு வைஃபை போனால் நான், அவர் சம்சாரத்துக்கு போனில் படம் மாற்ற நான். இதற்கும் சம்பளம் கேட்கலாமா சிம்மக்கல் அண்ணே?

உங்கள் கணக்கய்யா மாதிரி எங்கள் கடையிலும் ஒருத்தர் உண்டு. நான் ஒரு கடைக்கு ஆர்டர் போட்ட அடுத்த நிமிஷம் போன் வரும்: "தம்பி, அவன் அண்ணனும் தம்பியும் பாகம் பிரிச்சிட்டாங்க. பழைய பாக்கி யாரு தலையிலன்னு கேட்டுட்டுப் போடு." ஆப்பில் அந்தக் கடை பச்சைக் கலரில்தான் இருந்தது.


கீழமாசிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. சிம்மக்கல் அண்ணா, முருகன் ஸ்டோர் தப்பைப் பிடித்தது அவர்தான், உண்மை. ஆப் கம்பெனி ஆள் அவரிடம் என்ன சொன்னான் என்று அப்பாவிடம் கேட்டேன். "அவருக்கெதுக்கும்மா கிளாஸு, அவரே ஊருக்குச் சொல்லிக் கொடுப்பாரு" என்று சொன்னதே அப்பாதானாம். அதற்கு மேல் அப்பாவோடு நான் பேசவில்லை.

தம்பி, பற்று வரவு சொல்லித் தருவது பற்றி எழுதினாயே, ஐயாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொல்லுங்கள், பேரேட்டை வைத்தே காட்டுகிறேன் என்றார். எங்கள் பையன்கள் முகம் சுண்டிவிட்டது, ஞாயிறு கிரிக்கெட்டாம். சனிக்கிழமை சாயங்காலம் என்று இழுபறியில் நிற்கிறது.

ஓகே கொடுக்கிற முறை ஆப்பில் இருக்கிறது, அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டரிலும் திறக்க முடிகிறது, தட்டச்சர் ஐயா. நேற்று டேலி அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, பார்ட்டி பட்டியலைச் சுத்தம் பண்ணுவது முழுக்க உங்கள் பொறுப்பு, நீங்கள் சொல்கிற பெயர்தான் ஆப்பில் இருக்கும் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "ஒரே பேருல எத்தனை பேரு இருக்காங்கன்னு தெரியுமா மேடம்?" என்றார். அதற்கு என்ன வழி? ஜிஎஸ்டி எண்ணை வைத்துப் பிரிக்கலாமா?


சிம்மக்கல் டேலி:

அவர் வாயைத் திறந்து கேள்வி கேட்டுவிட்டாரா, பாதி முடிந்தது.

ஜிஎஸ்டி எண் உதவாது. வருஷத்துக்கு 40 லட்சத்துக்குக் கீழ் விற்கிற சின்னக் கடைக்கு எண்ணே இருக்காது, உங்கள் லைன் கடைகளில் பாதி அப்படித்தான் இருக்கும். கடைக்காரர் போன் நம்பரையே அடையாள எண்ணாக வையுங்கள், பெயருக்கு முன்னால் ஊர்: 'மேலூர் முருகன்', 'நத்தம் முருகன்'. ஊரை முன்னால் போட்டால்தான் டேலியில் முதல் எழுத்தை அடித்ததும் லைன் வாரியாக வந்து நிற்கும். நம்பரை மாற்றிக்கொண்டே இருக்கிற ஆட்கள் யார் யார் என்று கணக்கய்யாவிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இப்போது இருக்கிற டேலி டேட்டாவை ஒரு பேக்கப் எடுத்துப் பென்டிரைவில் போட்டு வீட்டில் வைத்துவிடுங்கள்.